கஞ்சித்தொட்டி ஊரில் கோதுமை

ரேஷன் கடையில் கோதுமை போட்ட அன்று எங்கள் வீட்டுத் திண்ணைக்கு முறம் வந்துவிடும். அம்மா கல் பொறுக்குவார். நாங்கள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றபடி தெருவுக்கு ஓடுவோம். விழுங்கக் கூடாது. மாவெல்லாம் கரைந்து எச்சிலோடு இறங்கிய பிறகு பல்லில் ஒரு சவ்வு மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். காசு கொடுத்து பபுள்கம் வாங்க முடியாத தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு அதுதான் பபுள்கம். அந்தச் சவ்வின் பெயர் குளூட்டன் என்பதும், சிலருடைய குடலையும் தோலையும் அது வருஷக் கணக்கில் வதைக்கும் என்பதும் எனக்குத் தெரியவர நாற்பது ஆண்டுகள் ஆயின.

இன்று அந்தச் சவ்வைப் பார்க்கக் கோதுமையை மெல்ல வேண்டியதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் நடந்தால் போதும். பரோட்டா மாஸ்டர் எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையைக் கல்லில் தட்டுகிறார், இரண்டு கையாலும் பிடித்து விசிறுகிறார். உருண்டை கைக்குட்டையாகிறது. இன்னொரு வீச்சில் வேட்டித் துணி மாதிரி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெலிகிறது. ஆனாலும் கிழிவதில்லை. கிழியாமல் பிடித்து வைப்பது குளூட்டன்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இது உண்டு. அரிசியிலோ கேழ்வரகிலோ கம்பிலோ சோளத்திலோ இல்லை. அதனால்தான் கேழ்வரகு மாவை யாராலும் விசிற முடியாது, அடையாகத் தட்டத்தான் முடியும்.

பெரும்பாலோருக்கு இந்தப் புரதம் எந்தத் தொல்லையும் தருவதில்லை. குறிப்பிட்ட மரபணு அமைப்போடு பிறந்தவர்களில் சிலருக்கு மட்டும், உடலின் எதிர்ப்பு சக்தி இதைப் பகையாக எண்ணிச் சண்டைக்கு இறங்குகிறது. சண்டை நடக்கும் இடம் சிறுகுடல். அடிபடுவது சொந்தக் குடலே. சிறுகுடலின் உட்சுவரில் பூந்துவாலையின் நூல்களைப் போல நிற்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தேய்ந்து தரையாகிவிடுகின்றன. அதன் பிறகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து ஏறாது, எலும்பில் சுண்ணாம்பு சேராது. இதுதான் சீலியாக் நோய். ஒவ்வாமை அல்ல, தொற்றும் அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவவும் பரவாது.

இந்த நோய்க்கு ஒரு தோல் முகமும் உண்டு. முழங்கை, முழங்கால், பிட்டம், சில சமயம் தலைச்சருமம் என இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் எழும். அரிப்பு என்று சொன்னால் போதாது, தீப்பட்ட மாதிரி எரிகிற அரிப்பு. 1884-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லூயி டூரிங் என்ற தோல் மருத்துவர் இதற்கு டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயர் வைத்தார். அக்கிக் கொப்புளம் போலக் கொத்தாக இருப்பதால் அந்தப் பெயர். மற்றபடி அக்கிக் கிருமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் அன்றைய வடசென்னையில், கொத்தாகக் கொப்புளம் கண்டால் அது அக்கிதான். குயவர் வீட்டுக்குப் போய், காவிமண்ணைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். உண்மையான அக்கி சில வாரங்களில் தானே வற்றிவிடும் என்பதால், எழுதியவருக்குப் பேர் நிற்கும். வற்றாமல் மறுபடி மறுபடி வந்தால் அடுத்த பெயர் சொறி, சிரங்கு. ஆஸ்பத்திரியில் வெள்ளை மருந்து, பென்சைல் பென்சோயேட், கொடுப்பார்கள். வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டு, துணியையெல்லாம் வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். மற்றவர்களுக்கு நிற்கும், ஒருவருக்கு மட்டும் நிற்காது. அந்த ஒருவரைப் பார்த்து, ‘ஒழுங்காகக் குளிப்பதில்லை’ என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

அன்று மருத்துவர்களுக்கும் இது தோன்றாததில் வியப்பில்லை. தட்டில் கோதுமை அரிதாகவே விழுந்த ஊர் இது. ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். 1782-ல், ஹைதர் அலி போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்த மருத்துவமனை அது. 1930-களில்தான் ஸ்டான்லி என்ற பெயர் வந்தது. காசிமேட்டில் பழைய சோறும் கருவாடும், திருவொற்றியூரில் ஆடி மாதம் கேழ்வரகு மாவும் நொய்யும் போட்டுக் காய்ச்சிய கூழ், துறைமுகத்து மூட்டைத் தொழிலாளிக்கு மத்தியானம் சோறும் மீன் குழம்பும். இவற்றில் எதிலும் குளூட்டன் கிடையாது.

வயிற்றுப்போக்கோடு உடல் வற்றிப்போய் வந்தவரைப் பார்த்தால், தென்னிந்திய மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறொரு நோய்: டிராப்பிகல் ஸ்ப்ரூ. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு கிராமங்களில் இது கொள்ளை நோயாகவே பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் பல்லாண்டு ஆராய்ந்தது இதைத்தான். அதிலும் குடலுறிஞ்சிகள் மழுங்கும். நுண்ணோக்கியில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஸ்ப்ரூ ஃபோலிக் அமிலத்துக்கும் டெட்ராசைக்ளினுக்கும் கட்டுப்படும். சீலியாக் எந்த மாத்திரைக்கும் கட்டுப்படாது, கோதுமையை நிறுத்தினால்தான் அடங்கும்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45-ல், நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தது. அவருடைய சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். போருக்கு முன்பே அவர் மனதில் இருந்த சந்தேகத்தை அந்தப் பட்டினி உறுதி செய்தது. 1950-ல் அதை ஆய்வேடாக எழுதி வைத்தார்.

பிறகு 1966. இந்த ஓராண்டை மட்டும் எடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்த ஆண்டில்தான் இங்கிலாந்தின் மார்க்ஸ், ஷஸ்டர், வாட்சன் மூவரும் டூரிங்கின் தோல் நோய் உள்ளவர்களுக்குக் குடலும் பழுதாகியிருப்பதை லான்செட் இதழில் எழுதினார்கள். தோலும் குடலும் ஒரே நோயின் இரண்டு கதவுகள் என்று தெரியவந்தது. அதே ஆண்டில்தான் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதை வாலியாவும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அதே ஆண்டில்தான் வறட்சியில் தவித்த இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி பி.எல். 480 ஒப்பந்தத்தில் வந்த அமெரிக்கக் கோதுமை. அதை இறக்கிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. அரிசி கிடைக்காமல் கோதுமையை வேண்டா வெறுப்பாக வாங்கிய மக்களுக்காகத்தான் 1967-ல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். நோயைப் பற்றிய அறிவும் நோயைக் கிளப்பும் தானியமும் ஒரே ஆண்டில் உலகத்தில் நடமாடின. தானியம் கப்பலில் வந்து எங்கள் தெருவரை சேர்ந்தது. அறிவு வந்து சேரவில்லை.

தோலுக்கு ஒரு நல்ல மருந்து அன்றே இருந்தது. டாப்சோன். விழுங்கிய ஓரிரு நாளில் அந்த எரிச்சல் அடங்கும். இவ்வளவு வேகமாக அடங்குவதே நோயை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டில் டாப்சோன் என்றால் தொழுநோய் மாத்திரை. 1940-களிலேயே செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊர் ஊராகத் தொழுநோய் ஊழியர்கள் கொண்டுவந்து கொடுத்த மாத்திரை அது. அரிப்புக்காக அதை எழுதிக் கொடுத்தால், வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விடும். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு அரிப்போடு வாழ்வதே மேல் என்று ஒருவர் நினைத்திருந்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தோலைத்தான் டாப்சோன் ஆற்றும், குடலை ஆற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை குடல் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

இன்று தட்டு மாறிவிட்டது. துறைமுக வாசல் டீக்கடையில் காலையில் கண்ணாடி பாட்டிலிலிருந்து பொறையும் பன்னும் எடுத்து டீயில் நனைத்துத் தின்பவர்களுக்கு அதுதான் டிபன். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ, ராத்திரி பரோட்டா சால்னா, கையேந்தி பவனில் சோயா சாஸ் ஊற்றிப் புரட்டிய நூடுல்ஸ். சர்க்கரை நோய் வந்தவரிடம் ‘ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்கள்’ என்று சொல்லாத டாக்டர் உண்டா? 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்திலும் ராத்திரிக்குச் சப்பாத்தி வந்தது, பருப்போடு இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய்க்கு. பசித்தவனுக்கு அது பெரிய உதவி, நானும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் காலை உணவில் ரவை உப்புமாவும் சேமியாவும் இருக்கின்றன. உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போனால் ரொட்டியும் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவது நம் வழக்கம். அதில் கோதுமையும் உண்டு, முளைகட்டிய பார்லியும் உண்டு. சீலியாக் உள்ளவருக்கு அந்த அன்பே விஷம்.

இந்த மாற்றம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மக்காரியா ஆகியோர் தலைமையில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு, இந்தியாவின் மூன்று மூலைகளில் 23,331 பேருடைய ரத்தத்தைச் சோதித்தது. வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்குச் சீலியாக் இருந்தது. தெற்கே வேலூர்ப் பகுதியில் பத்தாயிரம் பேரில் ஒருவர். எழுபது எண்பது மடங்கு வித்தியாசம்! நமக்கு வராத நோய் என்று இங்கேயே நிறுத்திவிடுவார்கள் பலரும். அடுத்த வரியைப் படிக்க வேண்டும். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே 36 பேரிடமும் இருந்தது. ஏறத்தாழச் சமம். பெரிதாக வேறுபட்டது கோதுமை. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். 25 கிராம் என்பது ஒரே ஒரு சப்பாத்தி மாவு. காலையில் பன்னும் ராத்திரி இரண்டு பரோட்டாவும் தின்கிற ராயபுரத்து இளைஞன் அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டான்.

கோதுமை தின்கிற எல்லோருக்கும் இது வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மரபணு இருப்பவர்களிலேயே மிகச் சிலருக்குத்தான் வரும். விதை நம் மண்ணிலும் இருக்கிறது, தண்ணீர் இப்போதுதான் பாய்கிறது என்கிறேன். இன்னொரு பக்கமும் உண்டு. எண்ணூர், மணலி தொழிற்சாலைகளில் வேலை செய்யப் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தம்பிகள். ஆயிரத்தில் எட்டு என்ற கணக்கு இருக்கும் திசையிலிருந்து, பத்தாயிரத்தில் ஒன்று என்ற எண்ணம் உள்ள ஊருக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ரத்தசோகையோடு வந்தால் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது. எந்த ஊர், என்ன சாப்பாடு என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

எங்கள் பகுதியில் தோல் அரிப்பு என்றதும் எல்லோருடைய விரலும் காற்றையும் தண்ணீரையும் நோக்கி நீளும். அதற்கு நியாயமும் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை எரிந்தது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-லிருந்து எரிகிறது. கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலை மீனவர்கள் காலால் மிதித்து அறிந்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றை மூடியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. இவ்வளவும் பட்ட தோல் அரிக்காமல் என்ன செய்யும்? ஆனால் இந்தப் பெரிய, உண்மையான குற்றத்தின் நிழலில் ஒரு சின்ன நோய் ஒளிந்துகொள்ள முடியும். எண்ணெய் பட்ட அரிப்பு பட்ட இடத்தில் வரும், வேலையை விட்டு விலகினால் தணியும். முழங்கை இரண்டிலும், முழங்கால் இரண்டிலும், பிட்டத்திலும் சொல்லி வைத்தாற்போல் எழுந்து, லீவில் ஊருக்குப் போனாலும் கூடவே வருகிற அரிப்புக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அதைத் தேடுவதால் ஆலைகளின் பொறுப்பு ஒரு துளியும் குறையாது.

தேடுவதும் இன்று எளிதாகிவிட்டது. அன்று குடலைச் சோதிக்க, குழாய் கட்டிய உலோகக் குளிகையை விழுங்க வைத்து, அது சிறுகுடலுக்கு இறங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். இன்று முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை: டிடிஜி–ஐஜிஏ. 1997-ல் ஜெர்மனியில், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளின் இலக்கைக் கண்டுபிடித்த பிறகு வந்தது. சந்தேகம் வலுத்தால் எண்டோஸ்கோப்பியில் குடலின் சில இடங்களிலிருந்து அரிசி நுனி அளவுக்குச் சதை எடுப்பார்கள். தோலுக்குத் தனிச் சோதனை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சொறிந்து புண்ணான இடத்தில் சதை எடுத்தால் ஒன்றும் தெரியாது. கொப்புளத்தை ஒட்டி நன்றாக இருக்கும் தோலில் எடுக்க வேண்டும். அதை ஒளிரும் சாயத்தில் போட்டுப் பார்த்தால், மேல்தோலுக்கு அடியில் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருள் மணிமணியாக மின்னும். அது மின்னினால் நோய் உறுதி. இந்த நோயாளிகளில் பலருக்கு வயிற்றுத் தொல்லையே இருக்காது என்பதால், தோல் மருத்துவரின் கண்தான் முதல் கண்.

கண்டுபிடித்த பிறகு? வாழ்நாள் முழுதும் குளூட்டன் இல்லாத சாப்பாடு. தோல் அடங்க மாதங்கள், சிலருக்கு ஓரிரு வருஷங்கள்கூட ஆகும். அதுவரை டாப்சோன் துணை நிற்கும், ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குவார்கள். லூதியானாவில் ஒருவருக்கு இது வந்தால் பிறந்தது முதல் தின்ற ரொட்டியை இழக்கிறார். நம்மவருக்கு இட்லி இருக்கிறது, இடியாப்பம் இருக்கிறது, சோறும் மீன் குழம்பும் இருக்கின்றன, ஆடிக் கூழ் இருக்கிறது. பாட்டியின் அடுப்புக்குத் திரும்பினால் போதும்.

போதும் என்று சொல்லிவிட்டேன், முழுக்கச் சரியில்லை. பாட்டியின் அடுப்படிக்குள்ளும் கோதுமை நுழைந்துவிட்டது. சாம்பாரில் போடும் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்த்திருப்பார்கள். சூட்டுக்குக் குடிக்கும் பார்லித் தண்ணி ஆகாது. மீன் வறுவலில் மொறுமொறுப்புக்கு மைதா தூவுகிறவர்கள் உண்டு. தெருமுனை மாவு மிஷினில், முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே கல்லில் நம் கேழ்வரகைக் கொட்டினால், கூழிலும் கோதுமை வந்துவிடும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாட்டின் உணவுச் சட்டம். ஒரு சிட்டிகை மாவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. இராயப்பர் (புனித பேதுரு) பெயரால் விளங்கும் ராயபுரத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசையில் வாங்கும் நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை வாடிகன் அனுமதித்திருக்கிறது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பங்குத் தந்தையிடம் கூச்சப்படாமல் பேசலாம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது ஆண்டுக்கணக்கில் மாறாத முழங்கை அரிப்பு இருக்கலாம். மாத்திரை தின்றும் ஏறாத ரத்தம் இருக்கலாம். உங்கள் வீட்டில் வளராத பிள்ளை இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புக் குழாயை வைத்துவிட்டு, ஸ்டான்லிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ போங்கள். ‘டாக்டர், டிடிஜி டெஸ்ட் ஒன்று எழுதிக் கொடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் ரத்தமும் குடலும் நோயை மறைத்துவிடும். முடிவு கைக்கு வரும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.